நாற்காலி இருந்தால் கதீட்ரல்

சில மாதங்களுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்பு நாவலின் மெய்ப்பு என் மேசைக்கு வந்தது. லண்டனில் நடக்கும் கதை. 'அவள் தேவாலயத்தை விட்டு வெளியே வந்து, பத்து நிமிடம் நடந்து, தேவாலயத்துக்குள் போய் மெழுகுவத்தி ஏற்றினாள்' என்று அதில் ஒரு வாக்கியம். இரண்டு முறை படித்தும் பிடிபடவில்லை. மூலத்தை எடுத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அவள் வெளியே வந்தது வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியிலிருந்து. உள்ளே போனது வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரலுக்குள். முதலாவது ஆங்கிலிக்கன், இரண்டாவது கத்தோலிக்கம். சிறு வயதில் கைவிட்ட கத்தோலிக்க நம்பிக்கைக்கு அந்தப் பெண் திரும்பிப் போகிறாள். கதையின் திருப்பமே அந்தப் பத்து நிமிட நடையில்தான் இருக்கிறது. தமிழில் அந்த நடைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது.

மொழிபெயர்த்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது. கதீட்ரல் என்றால் பெரிய தேவாலயம், சேப்பல் என்றால் சின்ன தேவாலயம் என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் இந்தச் சொற்களில் ஏறக்குறைய எதுவுமே கட்டடத்தின் அளவைப் பற்றிப் பேசுவதில்லை. அங்கே யார் உட்காருகிறார், முன்பு யார் குடியிருந்தார், அது யாருடைய பொறுப்பில் இருக்கிறது, யார் வந்து கும்பிடுகிறார் என்பதைத்தான் அவை சொல்கின்றன.

முதலில் சர்ச். 'ஆண்டவருடையது' என்று பொருள்படும் குரியாகோன் என்ற கிரேக்கச் சொல்தான் இதன் வேர். ஸ்காட்லாந்துக்காரர்கள் சொல்லும் கிர்க், ஜெர்மானியர்களின் கிர்ஷே எல்லாம் இதன் உடன்பிறப்புகள். பிரெஞ்சுக்காரர்களின் எக்லீஸ், போர்த்துகீசியர்களின் இக்ரேஜா ஆகியவை வேறு குடும்பம். கூடிய மக்கள் என்று பொருள் தரும் எக்லேசியா என்ற சொல்லிலிருந்து அவை வந்தன. ஆக, ஒரு வேர் வீட்டைச் சொல்கிறது, மற்றொன்று வீட்டுக்குள் கூடியவர்களைச் சொல்கிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் சேர்த்து சர்ச் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டது.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதில் ஆங்கிலத்தைவிடத் தெளிவானவர்கள். கட்டடத்துக்குக் கோவில், ஆலயம். மக்களுக்குச் சபை, திருச்சபை. கத்தோலிக்கக் கிராமங்களில் மாதா கோவில், அந்தோணியார் கோவில் என்றுதான் வாயில் வரும். இவ்வளவு தெளிவு கையில் இருக்க, 'கருக்கலைப்புச் சட்டத்தைத் தேவாலயம் எதிர்க்கிறது' என்பது போன்ற வாக்கியங்கள் செய்திகளில் வரும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கட்டடம் எப்படி எதிர்க்கும்? எதிர்ப்பது திருச்சபை.

சேப்பல் என்ற சொல்லின் கதை ஒரு மேலங்கியிலிருந்து தொடங்குகிறது. 4ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் என்ற ரோமானியப் படைவீரர், பிரான்ஸின் ஆமியான் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரர் ஒருவருக்குத் தன் அங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது மரபு. பின்னாளில் அவர் தூர் நகரின் ஆயரானார், புனிதரானார். மீதிப் பாதி அங்கியைப் பிராங்கிய அரசர்கள் திருப்பண்டமாகப் போற்றிவந்தார்கள். லத்தீனில் சிறிய மேலங்கிக்குக் கப்பெல்லா என்று பெயர். அந்தக் கப்பெல்லாவை வைத்திருந்த இடமும் கப்பெல்லா ஆயிற்று. அதைக் காத்த குருக்கள் கப்பெல்லானி ஆனார்கள். முதலாவதிலிருந்து சேப்பல், இரண்டாவதிலிருந்து சேப்ளின். இன்றும் ராணுவத்திலும் சிறையிலும் மருத்துவமனையிலும் பணிபுரியும் குருவைச் சேப்ளின் என்று சொல்வது இந்த வழியில்தான். வாத்தியம் இல்லாமல் வெறும் குரலில் பாடுவதை 'அ கப்பெல்லா' என்கிறோமே, அதற்கும் 'சேப்பலில் பாடுவது போல' என்பதே பொருள்.

அரச மாளிகைக்குள் இருந்த தனி வழிபாட்டிடம் என்பதிலிருந்து சேப்பலின் இன்றைய பொருள் விரிந்தது. ஊருக்குப் பொதுவான பங்குக் கோவிலாக இல்லாமல் ஓர் அரண்மனைக்கோ கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ உரியதாக இருந்தால் அது சேப்பல். வத்திக்கானின் சிஸ்டைன் சேப்பல் ஏறக்குறைய 40 மீட்டர் நீளம். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியின் சேப்பல் 88 மீட்டர். நம்மூர்ப் பங்குக் கோவில்கள் பல அதற்குள் அடங்கிவிடும். அப்படியிருந்தும் இரண்டும் சேப்பல்கள்தாம். ஒன்று பாப்பரசரின் மாளிகைக்கு உரியது, மற்றது ஒரு கல்லூரிக்கு உரியது. பெரிய கோவிலுக்குள் பக்கச் சுவரை ஒட்டித் தனிப் பீடத்தோடு இருக்கும் சிறு பகுதியும் சேப்பல்தான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இச்சொல்லுக்கு இன்னொரு கனமான பொருள் உண்டு. அரசின் திருச்சபையைவிட்டு விலகிய மெதடிஸ்டுகளும் பாப்டிஸ்டுகளும் பிறரும் கட்டிக்கொண்ட வழிபாட்டிடம் சேப்பல். பழைய வேல்ஸ் நாவல் ஒன்றில் ஒரு குடும்பத்தைப் பற்றி 'அவர்கள் சேப்பல்' என்று வந்தால், அவர்கள் எந்தப் பிரிவினர் என்பதோடு, ஏறக்குறைய எந்த வர்க்கத்தினர், எந்தக் கட்சிக்கு வாக்களிப்பவர்கள் என்பது வரை வாசகர் ஊகித்துவிடுவார். இதைச் 'சிறு தேவாலயம்' என்று மொழிபெயர்த்தால் மிஞ்சுவது செங்கல் மட்டுமே. அதோடு, பிரிட்டனில் அச்சுத் தொழிலாளர் சங்கக் கிளைக்கும் சேப்பல் என்றுதான் பெயர். அதன் தலைவர் 'சேப்பலின் தந்தை'. பத்திரிகை அலுவலகத்தில் நடக்கும் கதையில் இந்தச் சொல் வந்தால் மெழுகுவத்தியைத் தேடக் கூடாது.

இனி நாற்காலி. கதீத்ரா என்ற கிரேக்கச் சொல்லுக்கு இருக்கை என்று பொருள். ஆயரின் இருக்கை எந்தக் கோவிலில் போடப்பட்டிருக்கிறதோ அது கதீட்ரல். அவ்வளவுதான் விதி. பழைய காலத்தில் ஆசிரியர் உட்கார்ந்து போதிப்பார், மாணவர் நின்று கேட்பார். அதனால் இருக்கை என்பது கற்பிக்கும் உரிமையின் அடையாளம். பல்கலைக்கழகத்தில் 'தமிழ் இருக்கை' என்று சொல்கிறோமே, அங்கேயும் இதே நாற்காலிதான். எந்தக் கதீட்ரலுக்குள் போனாலும் பீடத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். உயர்ந்த முதுகுப் பலகையுடன் ஒரு நாற்காலி, பெரும்பாலும் அதன்மேல் அந்த ஆயரின் சின்னம் பொறித்திருக்கும். வேறு குரு யாரும் அதில் உட்காருவதில்லை. ஆயர் பதவி காலியாக இருந்தால் நாற்காலியும் காலியாகவே இருக்கும்.

இந்த விதியைப் பாளையங்கோட்டையில் கண்ணால் பார்க்கலாம். ஊரார் ஊசிக்கோபுரம் என்று அழைக்கும் தூய திரித்துவ ஆலயம் 1826இல் மிஷனரி ரேனியஸ் காலத்தில் கட்டப்பட்டது. எழுபது ஆண்டுகள் அது வெறும் சர்ச். 1896இல் திருநெல்வேலி தனித் திருமண்டலமாகி, அதற்கென்று பேராயர் வந்ததும் அதே கட்டடம் கதீட்ரல் ஆனது. சென்னையிலும் இதுதான் நடந்தது. 1815இல் எழும்பிய புனித ஜார்ஜ் ஆலயம், சென்னைக்கு முதல் ஆங்கிலிக்கன் பேராயர் வந்த 1835இல் கதீட்ரல் ஆயிற்று. பக்கத்துச் சாலைக்கும் அதுவே பெயராகி நிலைத்துவிட்டது. கால்டுவெல் 1877இல் பேராயராக அபிஷேகம் பெற்றவர். இடையன்குடியில் அவர் பல ஆண்டுகள் பாடுபட்டு எழுப்பிய ஆலயம் அழகிலும் அளவிலும் எதற்கும் குறைந்ததில்லை. ஆனாலும் அது கதீட்ரல் ஆகவில்லை. அவர் சென்னைப் பேராயருக்குத் துணைப் பேராயராக இருந்தவர், அவருக்கென்று தனி இருக்கை கிடையாது.

ஜெர்மனியில் உல்ம் நகரக் கோவிலின் கோபுரம் 161 மீட்டர் உயரம். அங்கே ஆயர் இருக்கை இருந்ததில்லை, ஆகவே அது கதீட்ரல் கிடையாது. வேல்ஸின் செயின்ட் டேவிட்ஸில் இருப்பவர்கள் இரண்டாயிரம் பேர் அளவில்தான். அங்கே கதீட்ரல் இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விடப் பலரை வியக்கவைப்பது ரோம். உலகிலேயே புகழ்பெற்ற புனித பேதுரு ஆலயம் கதீட்ரல் இல்லை. பாப்பரசர் என்பவர் முதலில் ரோம் நகரின் ஆயர். அந்த ஆயரின் இருக்கை நகரின் இன்னொரு மூலையில் உள்ள லாத்தரன் யோவான் பேராலயத்தில் இருக்கிறது.

அப்படியானால் பேதுரு ஆலயம் என்ன? பசிலிக்கா. பசிலெயுஸ் என்றால் கிரேக்கத்தில் அரசன். ரோமானியர்கள் வழக்கு விசாரிக்கவும் வாணிபம் பேசவும் கட்டிய நீண்ட தூண் மண்டபங்களுக்குப் பசிலிக்கா என்று பெயர். 4ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவர்களுக்குப் பெரிய கோவில்கள் கட்டிக்கொடுத்தபோது பழைய தெய்வங்களின் கோவில் வடிவத்தைத் தொடவில்லை. வழிபடுவோர் உள்ளே கூடி நிற்க வேண்டும் என்பதால் இந்த நீதிமன்ற மண்டபத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டார். அதனால் கட்டடக்கலை நூலில் பசிலிக்கா என்று வந்தால் அது ஒரு வடிவம். கத்தோலிக்கர் வாயில் வந்தால் அது பாப்பரசர் தரும் பட்டம். ரோமில் நான்கு ஆலயங்கள் பெரும் பசிலிக்காக்கள், உலகின் மற்றவையெல்லாம் சிறு பசிலிக்காக்கள். பட்டம் கிடைத்ததற்கு அடையாளமாகச் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டைகள் மாறிமாறி வரும் பட்டுக் குடை ஒன்று பாதி விரித்த நிலையில் உள்ளே நிற்கும். பக்கத்தில் கம்பத்தில் ஒரு சிறு மணி. பாப்பரசர் வந்தால் குடை முழுதாக விரியும் என்பது அந்தப் பாதி விரிப்பின் பொருள்.

வேளாங்கண்ணிக்கு 1962இல் இந்தப் பட்டம் கிடைத்தது. லட்சக்கணக்கில் மக்கள் நடந்தே வந்து கூடும் அந்த ஆலயம் கதீட்ரல் இல்லை. அது சேர்ந்த மறைமாவட்டத்தின் ஆயர் இருக்கை தஞ்சாவூரில் இருக்கிறது. தூத்துக்குடியிலும் பனிமய மாதா பேராலயம் பசிலிக்கா, திரு இருதய ஆலயம் கதீட்ரல். இந்த வேறுபாட்டை ஒரே நடையில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் புதுச்சேரிக்குப் போகலாம். ரயில் நிலையத்தின் அருகே செம்மையும் வெண்மையுமாக நிற்கும் திரு இருதய ஆலயம் 2011 முதல் பசிலிக்கா. நகருக்குள் மிஷன் வீதியில் இருக்கும் ஜென்மராக்கினி மாதா ஆலயம் கதீட்ரல். அதைச் சம்பா கோவில் என்றும் சொல்வார்கள். செயின்ட் பால் என்பதன் பழைய வடிவம் தமிழர் நாவில் உருண்டு உருண்டு சம்பா ஆன கதை அது. சென்னை சாந்தோம் ஆலயத்துக்கு இரண்டு தகுதியும் உண்டு. பேராயரின் இருக்கையும் அங்கேதான், 1956இல் கிடைத்த பசிலிக்கா பட்டமும் அதற்குத்தான்.

நாவலில் வந்த ஆபிக்குத் திரும்புவோம். அப்பா என்று பொருள்படும் அரமேய மொழியின் அப்பா என்ற சொல்லே லத்தீனில் அப்பாஸ் ஆகி, ஆங்கிலத்தில் ஆபட் என்று மடாதிபதியைக் குறித்தது. ஆபட் தலைமையிலான மடம் ஆபி. வெஸ்ட்மின்ஸ்டரில் பெனடிக்ட் சபைத் துறவிகள் பல நூற்றாண்டுகள் இருந்தார்கள். எட்டாம் ஹென்றி இங்கிலாந்தின் மடங்களைக் கலைத்தபோது 1540இல் இதுவும் கலைந்தது. உடனே அங்கே ஓர் ஆயரை நியமித்தார்கள், பத்தாண்டுகள் அது கதீட்ரலாக இருந்தது. பிறகு அந்த இருக்கையும் போய்விட்டது. 1560இல் முதலாம் எலிசபெத் அதைத் தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். இன்றுவரை எந்த ஆயரின் அதிகாரமும் அங்கே செல்லாது, அரியணையில் இருப்பவருக்கே அது நேராகக் கட்டுப்பட்டது. துறவிகள் போய் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆபி என்ற பெயர் மட்டும் கல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. முடிசூட்டு விழாக்கள் நடக்கும் அந்தக் கோவிலை வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயம் என்று எழுதினாலும் பிழை, கதீட்ரல் என்று எழுதினாலும் பிழை. ஆபி என்றே விட்டுவிடுவதுதான் சரி. அங்கிருந்து விக்டோரியா வீதியில் நடந்தால் வரும் வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரல், சிவப்புச் செங்கல்லில் வெள்ளைப் பட்டைகள் ஓடும் பைசாந்தியப் பாணிக் கட்டடம். 1903இல் திறக்கப்பட்ட அது கத்தோலிக்கப் பேராயரின் இருக்கை. இரண்டு பெயரிலும் உள்ள மின்ஸ்டர் என்ற ஒட்டும் மடத்தைக் குறிப்பதுதான். மொனாஸ்டீரியம் என்ற லத்தீன் சொல் பழைய ஆங்கிலத்தில் தேய்ந்து அப்படி ஆயிற்று. யார்க் மின்ஸ்டர் கதீட்ரலும்கூட. பெவர்லி மின்ஸ்டர் கதீட்ரல் இல்லை. பெயரை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.

கான்வென்ட் என்றதும் நமக்கு ஆங்கிலப் பள்ளிதான் நினைவுக்கு வரும். கன்னியர் நடத்திய பள்ளிகளிலிருந்து பரவி, கன்னியரே இல்லாத பள்ளிக்கும் அந்தப் பெயர் போய்விட்டது. 'கூடி வருதல்' என்ற லத்தீன் வினையிலிருந்து பிறந்த இச்சொல் ஒரு காலத்தில் ஆண் துறவிகளின் கூட்டத்துக்கும் வழங்கியது. லண்டனின் கோவென்ட் கார்டன் அதற்குச் சாட்சி. வெஸ்ட்மின்ஸ்டர் துறவிகள் காய்கறி பயிரிட்ட தோட்டம் அது. அதே போல் மங்க், ஃபிரையர் இரண்டையும் நாம் துறவி என்றே எழுதுகிறோம். மங்க் மடத்துக்குள் தங்கி வாழ்பவர். ஃபிரையர் என்றால் சகோதரர், ஊருக்குள் சுற்றி ஏழைகளிடையே பணிபுரிபவர். ரோமியோ ஜூலியட்டில் வரும் லாரன்ஸ் ஒரு ஃபிரையர். அவருடைய கடிதத்தைக் கொண்டுபோன இன்னொரு ஃபிரையர் வழித்துணைக்குச் சக துறவியைத் தேடிப்போய், கொள்ளைநோய் அச்சத்தால் ஒரு வீட்டில் அடைக்கப்படுகிறார். கடிதம் போய்ச் சேரவில்லை, காதலர் இருவரும் மாள்கிறார்கள். மடத்தை விட்டு வெளியேறாத மங்க்காக இருந்திருந்தால் ஷேக்ஸ்பியருக்கு இந்த முடிச்சே கிடைத்திருக்காது.

கட்டடங்களைவிட மனிதர்களின் பெயரில்தான் குழப்பம் அதிகம். நம் பத்திரிகைகளுக்கு எல்லோரும் பாதிரியார். பாதிரி என்பது போர்த்துகீசியரின் பாத்ரே, தந்தை என்று பொருள். அந்தச் சொல்லால் தன் குருவை அழைக்கும் கிறிஸ்தவரை நான் அதிகம் பார்த்ததில்லை. கத்தோலிக்கர் 'சாமி' என்பார்கள், நகரத்தில் 'ஃபாதர்'. நெல்லைச் சீமையின் சீர்திருத்தச் சபையினர் 'ஐயர்' என்பார்கள். ஜி.யு.போப்பைப் போப்பையர் என்று நம் முன்னோர் அழைத்தது இந்த மரபில். பெந்தெகொஸ்தே சபையாருக்குப் 'பாஸ்டர்', அதாவது மேய்ப்பர்.

ஆங்கில நாவல் படிப்பவர்களை அதிகம் தடுமாறவைப்பது ரெக்டர், விக்கர், கியூரேட் என்ற மூன்றும்தான். இவற்றை விளக்கக் களத்துமேட்டுக்குப் போக வேண்டும். முற்காலத்தில் இங்கிலாந்தில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு ஊர்க் குருவுக்கு உரியதாக இருந்தது. தானியம், வைக்கோல் முதலியன பெரிய தசமபாகம். ஆட்டுக்குட்டி, கோழி, முட்டை, காய்கறி முதலியன சின்னத் தசமபாகம். இரண்டையும் முழுதாக வாங்கும் உரிமை உள்ளவர் ரெக்டர். பல ஊர்களில் இந்த உரிமை ஏதாவது ஒரு மடத்தின் கையில் இருந்தது. மடம் தானியத்தைத் தான் எடுத்துக்கொண்டு, ஊர் வேலையைப் பார்க்கத் தன் சார்பில் ஒருவரை அமர்த்தும். அவருக்குச் சின்னத் தசமபாகம் மட்டும். விக்காரியுஸ் என்றால் லத்தீனில் பதிலாள். அந்தப் பதிலாள்தான் விக்கர். பாப்பரசரைக் 'கிறிஸ்துவின் விக்கர்' என்று சொல்வதிலும் இதே பொருள்தான், கிறிஸ்துவின் பிரதிநிதி. கியூரேட் என்றால் ஆன்மாக்களைப் பராமரிக்கும் பொறுப்புள்ளவர் என்று பொருள். பிரான்ஸில் கியூரே என்றால் பங்குத்தந்தையே. இங்கிலாந்தில் அந்தச் சொல் இறங்கி, சம்பளத்துக்கு உதவி செய்யும் இளம் குருவைக் குறிக்கலாயிற்று.

ஆகவே அந்தக் கால நாவலில் இவை மூன்றும் வருமானச் சொற்கள். ஒரு பெண்ணுக்கு ரெக்டர் வரன் வந்தால் வீட்டில் மகிழ்ச்சி. கியூரேட் என்றால் தயக்கம். ஜேன் ஆஸ்டினின் தந்தை ஸ்டீவன்டன் ஊரின் ரெக்டர். ஷார்லட் பிராண்டி 1854இல் மணந்துகொண்டது தன் தந்தையிடம் கியூரேட்டாக இருந்தவரை. தந்தை முதலில் கடுமையாக எதிர்த்தார், மாப்பிள்ளையின் சொற்ப வருமானமும் அதற்கு ஒரு காரணம். இவர்கள் எல்லோரையும் பாதிரியார் என்று எழுதிவிட்டால், அந்த அப்பா ஏன் கோபப்பட்டார் என்பது தமிழ் வாசகருக்குப் புரியவே புரியாது. கியூரேட்டை உதவிக் குரு என்று எழுதலாம், பொருந்தும். விக்கர், ரெக்டர் இரண்டையும் நான் அப்படியே வைத்துவிட்டு, முதல் முறை வரும் இடத்தில் ஓரிரு சொல்லில் விளக்கம் சேர்ப்பேன்.

மினிஸ்டர் என்றால் லத்தீனில் ஏவலாள். அரசனுக்கு ஏவலாள் அமைச்சர், சபைக்கு ஏவலாள் போதகர். ஸ்காட்லாந்து நாவலில் கிராமத்து வீட்டுக்கு மினிஸ்டர் தேநீர் குடிக்க வந்தால் அவர் அமைச்சர் இல்லை. ரெவரண்ட் என்பது பதவியே கிடையாது. 'வணக்கத்துக்குரிய' என்ற அடைமொழி அது, பெயருக்கு முன்னால் மட்டும் வரும்.

பிஷப் என்ற சொல் தமிழருக்கு இன்னும் நெருக்கமானது. எபிஸ்கொப்பொஸ் என்றால் மேலிருந்து பார்ப்பவர். சீர்திருத்தச் சபையாரின் பழைய தமிழ் வேதாகமம் இதைக் கண்காணி என்றே மொழிபெயர்த்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணி என்று அஞ்சி அழைத்தார்களே, அதே சொல். பிரீஸ்ட் என்பது பிரெஸ்பிட்டரொஸ் என்ற கிரேக்கச் சொல்லின் தேய்வு. பொருள், மூப்பர். மூப்பர்கள் கூடி நடத்தும் சபை பிரெஸ்பிட்டேரியன், பிஷப் தலைமையில் நடப்பது எபிஸ்கோப்பல். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் கதீட்ரலில் இந்த இரு மரபினரும் மெதடிஸ்டுகளும் பிறரும் ஒன்றுசேர்ந்து தென்னிந்தியத் திருச்சபையைத் தொடங்கியபோது, தங்கள் குருக்களுக்குப் பிரெஸ்பிட்டர் என்ற பெயரை வைத்துக்கொண்டார்கள்.

இங்கே தமிழிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, செய்தி எழுதுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. கத்தோலிக்கருக்கு ஆயர் என்றால் பிஷப், பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். தென்னிந்தியத் திருச்சபையாருக்குப் பேராயர் என்றால் பிஷப். ஊர்ச் சபையின் போதகரைத்தான் அவர்கள் பல இடங்களில் ஆயர் என்கிறார்கள். எல்லாருக்கும் மேலே இருக்கும் மாடரேட்டர் பிரதமப் பேராயர். எனவே 'ஆயர் வந்தார்' என்ற இரண்டு சொல் செய்தியில் வந்தவர் யார் என்று, எந்தச் சபை என்று தெரியாமல் சொல்லவே முடியாது. டயோசிஸ் என்பதும் கத்தோலிக்கரிடம் மறைமாவட்டம். மற்றவர்களிடம் ஊருக்கு ஏற்பத் திருமண்டலம், பேராயம். பாரிஷ் அங்கே பங்கு. நெல்லைப் பக்கத்தில் பல சபைகள் சேர்ந்தது சேகரம். அந்தந்த மக்கள் வைத்திருக்கும் சொல்லைக் கேட்டு எழுதுவது ஒரு தொலைபேசி அழைப்பு வேலைதான்.

மாஸ் என்பதிலும் இதே கவனம் வேண்டும். 'கதீட்ரலில் மாஸ்' என்பதை 'மக்கள் திரள்' என்று எழுதியதையும் மெய்ப்பில் பார்த்திருக்கிறேன். வழிபாட்டின் முடிவில் குரு மக்களை அனுப்பிவைக்கும் லத்தீன் வாக்கியத்தில் வரும் மிஸ்ஸா என்ற சொல்லே மாஸ் ஆனது. தமிழில் முன்பு பூசை, இப்போது திருப்பலி. சீர்திருத்தச் சபைகளில் நடப்பது ஆராதனை, அப்பமும் ரசமும் பகிரும்போது திருவிருந்து அல்லது நற்கருணை. பெந்தெகொஸ்தே ஆராதனையைத் திருப்பலி என்று எழுதினால் இரு தரப்பாரும் வருந்துவார்கள்.

கோவிலுக்குள் இரண்டு சொற்களை மட்டும் காட்டிவிட்டு வெளியே வருகிறேன். மக்கள் அமரும் நடுக்கூடம் நேவ். கப்பல் என்று பொருள். பீடம் இருக்கும் முன்பகுதி சான்சல். முற்காலத்தில் இரண்டுக்கும் நடுவே குறுக்குச் சட்டம் போட்ட அழிக்கதவு இருந்தது. லத்தீனில் அந்த அழிகளுக்குக் கான்செல்லி என்று பெயர். ரோமானிய நீதிமன்றத்தில் அதே போன்ற அழியருகே உட்கார்ந்த எழுத்தர்தான் படிப்படியாக உயர்ந்து சான்சலர் ஆனார், நாம் சொல்லும் பல்கலைக்கழக வேந்தர். எழுதியதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டால் அழி போலத் தெரியும் அல்லவா? அதுதான் கான்சல். ரயில் டிக்கெட்டைக் கான்சல் செய்கிறபோது பழைய கோவிலின் அழிக்கதவு ஒன்று நம் வாயில் புரள்கிறது.

வெளியே வந்தால் சர்ச்யார்ட். கோவிலைச் சுற்றியுள்ள வளாகம், இங்கிலாந்துக் கிராமங்களில் பெரும்பாலும் அங்கேயே ஊராரைப் புதைத்திருப்பார்கள். செமிட்ரி என்பது கோவிலை ஒட்டாமல் தனியே அமைந்த கல்லறைத் தோட்டம். 'உறங்கும் இடம்' என்பது அதன் கிரேக்கப் பொருள். 18ஆம் நூற்றாண்டில் தாமஸ் கிரே பாடியது கிராமத்துச் சர்ச்யார்டைப் பற்றி. அங்கே கிடப்பவர்கள் அந்தக் கோவிலிலேயே ஞானஸ்நானம் பெற்று, அங்கேயே மணமுடித்து, அதன் நிழலிலேயே அடங்கிய ஏழை உழவர்கள். வெறுமனே கல்லறைத் தோட்டம் என்று எழுதினால் அந்த நிழல் விடுபட்டுவிடும்.

சென்னைக் கோட்டைக்குள் 1680இல் அபிஷேகமான புனித மேரி ஆலயம் இருக்கிறது. இங்கே கதீட்ரல், பசிலிக்கா என்ற பட்டம் எதுவும் இல்லை, சர்ச் மட்டும்தான். ராபர்ட் கிளைவின் திருமணம் 1753இல் நடந்த இடம். அதன் வெளிமுற்றத்தில் நடந்தால் காலடியில் எழுத்து பொறித்த கல்லறைப் பலகைகள் வரிசையாகப் பதிந்திருக்கும். பார்த்தவுடன் சர்ச்யார்ட் என்றே எவரும் எழுதிவிடுவார்கள். ஆனால் அந்தப் பலகைகளுக்குக் கீழே யாரும் இல்லை. பழைய சட்டக்கல்லூரிக் கட்டடம் நிற்கும் இடத்தில்தான் ஆங்கிலேயரின் பழைய இடுகாடு இருந்தது. 1758–59இல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அந்தக் கல்லறைகளின் மறைவில் பதுங்கிச் சுட்டது. முற்றுகை ஓய்ந்த பிறகு ஆங்கிலேயர் அவற்றை இடித்து, பலகைகளை மட்டும் பெயர்த்துக் கோட்டைக்குள் கொண்டுவந்தார்கள். பெயர்கள் இந்த முற்றத்தில் கிடக்கின்றன. அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் சாலைக்கு அப்பால், பழைய சட்டக்கல்லூரி மண்ணுக்குள்.